ஆயில் இன்ஜின் பக்கத்தில் அப்பாவுக்கு ரிங்டோன் கேட்கவில்லை, நாதஸ்வரப் பதிவை எப்படித் தயார் செய்வது?

வடவாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் கிராமம். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், அப்பா அம்மா ஊரில். அப்பாவுக்கு 71 வயது, இன்னும் தினமும் வயலுக்குப் போகிறார், ஆயில் இன்ஜின் ஓடும்போது கொட்டகையை விட்டு நகரவே மாட்டார். அவரிடம் இருப்பது பட்டன் போன், மெமரி கார்டு போடுகிற வகை. பகலில் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. ராத்திரி கேட்டால் "அடிச்சதே தெரியலப்பா" என்கிறார். போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது, வால்யூமும் முழுதாகத்தான் வைத்திருக்கிறது. போனுடன் வந்த ரிங்டோன் எல்லாமே கீச் கீச்சென்று மெல்லிசாக இருக்கிறது, அது அவர் காதில் ஏறவே இல்லை போல.

அப்பாவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். தெருக்கோடியில் மேளம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்துவிடுவார். அதனால் எங்கள் ஊர்க் கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசித்த மல்லாரியை என் ஆண்ட்ராய்டு போனில் பதிவு செய்தேன் (வாசித்தவரிடம் கேட்டுவிட்டுத்தான், அவரும் சந்தோஷமாகச் சரி என்றார்). அதை ஆன்லைனில் ஒரு தளத்தில் போட்டு வெட்டி, எம்பி3 ஆக 320 கேபிபிஎஸ்ஸில் மாற்றி மெமரி கார்டில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது பிரச்சினை இதுதான். கம்ப்யூட்டரில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது, தவில் நெஞ்சில் இடிக்கிறது. அதே ஃபைல் அப்பா போனில் அடித்தால் பழைய ரிங்டோனை விடச் சத்தம் குறைவு. முதல் சில வினாடிகள் அனேகமாக ஒன்றுமே கேட்கவில்லை, தவில் இருக்கிற இடமே தெரியவில்லை, அப்புறம் நாதஸ்வரம் வரும்போது கரகரவென்று வருகிறது. இதற்கு மேல் குவாலிட்டி கூட்ட முடியாதே, 320தானே உச்சம்? எங்கே போகிறது சத்தம்? ரிங்டோன் ஆப் எதுவும் வேண்டாம், பட்டன் போனில் ஓடாது. கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குழாய்ஸ்பீக்கர் எழுதியது:

தம்பி, நான் பல வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன், கூடவே பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற வேலையும். உங்கள் கேள்விக்குப் பதில் 320இல் இல்லை. அந்த எண் ஒலியின் விவரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லும், சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 128 போதும், ரிங்டோனுக்கு அதுவே தாராளம். கணக்குப் பார்த்தால் 128 கிலோபிட் என்றால், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், வினாடிக்கு 16 கேபி (கிலோபைட்), அரை நிமிஷத்துக்கு அரை எம்பிகூட வராது, பட்டன் போனுக்கும் சுமை இல்லை.

சத்தம் எங்கே போகிறது என்று கேட்டீர்களே. கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரைக் கவனித்திருப்பீர்கள், அதில் பேஸ் (அடர்ந்த தாழ்ந்த ஒலி) என்ற ஒன்றே வராது, ஆனால் இரண்டு ஊர் தாண்டிக் கேட்கும். போன் ஸ்பீக்கரும் அந்த ஜாதிதான், அளவுதான் சின்னது. சுமார் 400, 500 ஹெர்ட்ஸுக்குக் (வினாடிக்கு அத்தனை அதிர்வு) கீழே அதனால் காற்றைத் தள்ளவே முடியாது. உங்கள் பதிவில் நெஞ்சில் இடிக்கிறது என்றீர்களே, அது தவிலின் தொப்பி, இடது பக்கம் குச்சியால் அடிப்பது. அந்த அடி முழுக்க கீழ் ஒலி. ஹெட்போனில் கேட்கும், போனில் வராது. வலந்தலையில் (வலது பக்கத்தில்) கூடு என்கிற கெட்டியான உறை போட்ட விரல் விழுகிற அந்தச் சுளீர் சத்தம் மட்டும் மெலிசாக வரும். மல்லாரி என்றால் முன்னால் தவில் மட்டும் வாசிக்கிற அலாரிப்பு வந்திருக்கும், நீங்கள் வெட்டியது அங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் முதல் சில வினாடிகள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது.

இதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது, பலருக்கும் இது பிடிபடுவதில்லை. ஒரு ஃபைலில் சத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் ஏற்ற முடியாது. தொப்பி அடி அந்த வரம்பு வரை இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நாதஸ்வரம் அதற்குக் கீழே அடங்கி நிற்கிறது. போனில் தொப்பி வராது, ஆனால் அது பிடித்த இடம் பிடித்ததுதான். அந்தக் கீழ் ஒலியை வெட்டி எடுத்துவிட்டால் நாதஸ்வரத்தை மேலே தூக்க இடம் கிடைக்கும். மனசு கேட்காது, தவிலை வெட்டுவதா என்று தோன்றும், ஆனால் கேட்கப்போவது அந்தச் சின்ன ஸ்பீக்கரில். முழுப் பதிவைத் தனியாகப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், அதை இறக்கிக்கொள்ளுங்கள். போன் பதிவு பெரும்பாலும் எம்4ஏ ஆக இருக்கும், விண்டோஸில் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நூலகத்தையும் சேர்த்து நிறுவ வேண்டும். ஆன்லைனில் வெட்டிய எம்பி3யைத் தொடவே வேண்டாம், மூலப் பதிவிலிருந்து ஆரம்பியுங்கள். எம்பி3யைத் திறந்து திரும்ப எம்பி3 ஆகச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெடும். வேலை முடிகிற வரை வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) ஆக வைத்திருந்து கடைசியில் ஒரே தடவை எம்பி3 ஆக்குங்கள்.

திறந்ததும் முதல் வேலை, வியூ மெனுவில் ஷோ கிளிப்பிங் என்பதை டிக் செய்யுங்கள். அலைக்கோட்டில் சிவப்புக் கோடுகள் நெருக்கமாகத் தெரிந்தால் பதிவு செய்யும்போதே உடைந்துவிட்டது என்று அர்த்தம். நாதஸ்வரத்துக்கு மிக அருகில் போனை நீட்டினால் இப்படித்தான் ஆகும், அந்தக் கரகரப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். உடைந்த இடத்தைச் சரிசெய்ய முயல்வதை விட, சிவப்பு இல்லாத ஒரு பகுதியைத் தேடி எடுப்பது நல்லது. எதுவும் தேறவில்லை என்றால் அடுத்த திருவிழாவுக்குப் பதினைந்து இருபது அடி தள்ளி நின்று எடுங்கள்.

எந்த இடத்தை எடுப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் போய்க் கார்வை கொடுத்து, அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நிற்கிற இடம் எங்காவது வரும், அங்கிருந்து ஆரம்பியுங்கள். முன்னுரை வேண்டாம், முதல் அரை வினாடியிலேயே முழு ஊதல் வர வேண்டும். வெட்டும்போது இசட் விசையை அழுத்தினால் அலை பூஜ்ஜியத்தைத் தொடும் இடத்துக்குக் கோடு நகரும், 'டப்' என்ற வெட்டுச் சத்தம் வராது. ஃபேட் இன் போடாதீர்கள், பாட்டுக்கு அது அழகு, ரிங்டோனுக்கு அது நஷ்டம்.

அப்புறம் ட்ராக்ஸ் மெனுவில் மிக்ஸ், அதில் மோனோ ஆக்குங்கள். பட்டன் போனில் இருப்பது ஒரே ஸ்பீக்கர், எப்படியும் அது இரண்டையும் கலக்கத்தான் போகிறது, நாமே கலந்து கேட்டுப் பார்த்துவிடலாம். பிறகு எஃபெக்ட் மெனுவில் கீழ் ஒலியை வெட்டுகிற ஹை பாஸ் ஃபில்டர், 400 ஹெர்ட்ஸ், ரோல் ஆஃப் 24 டெசிபல். கேட்டால் மெலிந்த மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். அடுத்து ஆம்ப்ளிஃபை கொடுத்து உச்சத்தை வரம்பு வரை கொண்டுவந்துவிட்டு லிமிட்டர் (உச்சங்களை அமுக்கி மற்றதை மேலே தூக்குவது) போடுங்கள். புதிய பதிப்பில் த்ரெஷோல்ட் மைனஸ் 8, மேக்அப் டார்கெட் மைனஸ் 1 என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து ஏழு டெசிபல் மேலே வரும். அது காதுக்கு நன்றாகவே வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் நசுக்கினால் நாதஸ்வரம் நாதஸ்வரமாக இருக்காது, ஹாரன் ஆகிவிடும்.

கடைசியாக அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 600இலிருந்து 3000 ஹெர்ட்ஸ் வரை மேடாக இருந்தால் வேலை முடிந்தது. சோதிப்பது அப்பா போனில்தான், கம்ப்யூட்டரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஊரில் இருக்கிற யாரையாவது இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.


மெமரிகார்டு எழுதியது:

செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் சொன்னது எல்லாம் சரி, பட்டன் போன் பக்கம் சில விஷயங்கள் சேர்க்கிறேன், ஏனென்றால் ஃபைல் நன்றாக இருந்தும் போன் எடுக்காமல் திரும்ப வருகிறவர்கள் கடைக்கு நிறைய வருகிறார்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது கான்ஸ்டன்ட் பிட்ரேட் (முழுக்க ஒரே அளவு) என்பதைத் தேர்வு செய்யுங்கள், வேரியபிள் (இடத்துக்கு இடம் மாறுவது) வேண்டாம். விலை குறைந்த பட்டன் போன்கள் சிலவற்றில் வேரியபிள் ஃபைல் பாதியில் நிற்கும், அல்லது ரிங்டோன் பட்டியலிலேயே காட்டாது. 44100 ஹெர்ட்ஸ், 128, மோனோ, இது எங்கும் ஓடும். ஃபைலுக்குள் ஆல்பம் படம் இருந்தால் எடுத்துவிடுங்கள், மெட்டாடேட்டா கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஃபைல் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள், அந்த எழுத்துரு இல்லாத போனில் கட்டம் கட்டமாகத் தெரியும், சிலதில் திறக்கவே திறக்காது. ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு சொல், இடைவெளி இல்லாமல். மெமரி கார்டு 32 ஜிபி அல்லது அதற்குக் கீழே, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்தது.

இதைவிட முக்கியம், ரிங்டோனை முடிந்தால் போன் மெமரிக்கு மாற்றுங்கள். கார்டில் இருக்கும் ஃபைலை ரிங்டோனாக வைத்துவிட்டு, வயலில் போன் கீழே விழுந்து கார்டு லேசாக நகர்ந்தால் போன் பழைய ரிங்டோனுக்கே போய்விடும், யாருக்கும் தெரியாது. அந்த போனில் உள்நினைவு இருந்தால் ஃபைல் மேனேஜரில் காப்பி செய்து அங்கிருந்து வையுங்கள்.

இன்னொன்று, புரொஃபைல் செட்டிங்கில் ரிங் வகை என்று ஒன்று இருக்கும். அதில் அசென்டிங் என்று இருந்தால் முதலில் மெதுவாக ஆரம்பித்துப் போகப்போக ஏறும். உங்கள் முதல் சில வினாடிப் பிரச்சினைக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ரிங்கிங் என்று மாற்றுங்கள். வைப்ரேட்டும் சேர்த்து வையுங்கள். போனைச் சட்டைப் பையில் போடும்போது ஸ்பீக்கர் ஓட்டை வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும், பல பட்டன் போன்களில் அது பின்பக்கம் இருக்கும், உடம்போடு ஒட்டினால் பாதி சத்தம் போய்விடும். அந்த ஓட்டையில் வயல் மண்ணும் வியர்வை உப்பும் சேர்ந்து அடைத்திருக்கும், காய்ந்த மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாகத் தட்டி எடுங்கள். தண்ணீர், ஊசி இரண்டும் வேண்டாம்.


வடவாற்றுக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி. அண்ணா சொன்னபடி செய்து பார்த்தேன். சிவப்புக் கோடு பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் கடைசியில் கோபுர வாசலில் மேளக்காரர்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்துபோன நேரத்துப் பதிவு சுத்தமாக இருக்கிறது, மேலே போய் நிற்கிற ஒரு கார்வையும் கிடைத்தது. ஃபில்டர் போட்டதும் என்ன இப்படி ஆகிவிட்டது என்றுதான் இருந்தது, ஆனால் ஃபைலை ஊருக்கு அனுப்பித் தம்பி முறையுள்ள ஒரு பையனை வைத்துப் போனில் போடச் சொன்னேன். திண்ணையில் அடித்தால் அடுக்களை வரை கேட்கிறதாம். அசென்டிங் என்றுதான் இருந்ததாம், மாற்றிவிட்டான்.

இரண்டு சந்தேகம். இன்ஜின் ஓடும்போது வைத்துப் பார்த்ததில் அப்பாவுக்கு ஒரு சமயம் கேட்கிறது, ஒரு சமயம் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற பையனுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறது. இதற்கு என்ன செய்யலாம்? இன்னொன்று, இதே ஊதலை அம்மாவின் ஆண்ட்ராய்டு போனிலும், அண்ணனின் ஐபோனிலும் வைக்கக் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டில் பாட்டு முடிந்து திரும்ப ஆரம்பிக்கும்போது நடுவில் ஒரு சின்னத் துண்டிப்பு வருகிறது, கார்வை நடுவில் மூச்சு நின்ற மாதிரி இருக்கிறது. எவ்வளவு நீளம் வைப்பது என்றும் சொல்லுங்கள்.


செவ்வந்தி எழுதியது:

காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் உங்கள் முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன் தம்பி.

வயது ஏறும்போது காது மொத்தமாகக் குறைவதில்லை, மேல் ஒலிகள்தான் முதலில் போகும். இன்ஜின், மில் மாதிரி சத்தமான இடத்தில் பல வருஷம் இருந்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு பள்ளம் விழும், பரிசோதனைத் தாளில் அது தெளிவாகத் தெரியும். போனுடன் வருகிற கீச் ரிங்டோன்களில் பலவும் அந்தப் பள்ளத்தில் போய் விழுகின்றன. அப்பாவுக்கு அது அடித்ததே தெரியாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கூடவே இன்ஜினின் தாழ்ந்த உறுமல் தனக்கு மேலே இருக்கிற ஒலிகளையும் அமுக்கிவிடும், பேச்சே புரியாமல் போவது அதனால்தான்.

அமெரிக்காவில் தீ எச்சரிக்கைக்கான என்எஃப்பிஏ 72 என்ற விதியில், தூங்கும் அறைகளில் 520 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒலி வேண்டும் என்று சேர்த்தார்கள், 2014 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதுவரை வழக்கத்தில் இருந்த 3000 ஹெர்ட்ஸ் சுமாரான கூர்மையான ஒலிக்குக் காது மந்தமானவர்கள் பலர் எழுவதில்லை, 520க்கு எழுகிறார்கள் என்று ஆய்வுகளில் தெரிந்ததுதான் காரணம். சதுர அலை என்றால் 520 மட்டும் இல்லை, அதன் மூன்று மடங்கு 1560, ஐந்து மடங்கு 2600 எல்லாம் சேர்ந்தே வரும். போன் ஸ்பீக்கரில் 520 வலுவாக வராவிட்டாலும் 1560 நன்றாக வரும். இதை உங்கள் ரிங்டோனில் சேர்க்கலாம். ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவில் டோன், வேவ்ஃபார்ம் ஸ்கொயர், 520 என்று கொடுத்து, பழைய லேண்ட்லைன் மணி அடிக்கிற தாளத்தில் வையுங்கள்: 0.4 வினாடி ஒலி, 0.2 வினாடி இடைவெளி, மறுபடி 0.4 ஒலி. விடாமல் அடிக்கிற ஒலியை மூளை கொஞ்ச நேரத்தில் பின்னணியாக ஒதுக்கிவிடும், விட்டு விட்டு வருவது சுரண்டிக்கொண்டே இருக்கும். முதலில் இந்த இரட்டை மணி, உடனே நாதஸ்வரக் கார்வை, மறுபடி இரட்டை மணி. பாட்டின் அழகு கொஞ்சம் குறையும், ஆனால் அப்பா எடுப்பார்.

முடிந்தால் அப்பாவை ஒரு தடவை திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். இரண்டு காதும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தால் போனை எந்தப் பக்கப் பையில் வைப்பது என்பதைக்கூட முடிவு செய்யலாம். சிலருக்குக் காதில் அழுக்கு அடைத்திருப்பதே பாதி பிரச்சினையாக இருக்கும், எடுத்த அன்றே வித்தியாசம் தெரியும். இன்ஜின் பக்கத்தில் இருக்கிற நேரம் குறையட்டும், கொட்டகையை விட்டுக் கொஞ்சம் தள்ளி வரப்பில் உட்காரச் சொல்லுங்கள். போன் அடிப்பதும் கேட்கும், மிச்சம் இருக்கிற காதும் நிற்கும்.


நிலாமுற்றம் எழுதியது:

இவ்வளவு வேலை எதற்கு? வால்யூம் பூஸ்டர் ஆப் போட்டால் 200 சதவீதம் வரை ஏறும், அம்மா போனுக்காவது அது போதுமே. இல்லையென்றால் 'ஃபுல் சவுண்ட் ரிங்டோன்' என்று தேடினால் ஆயிரம் இருக்கிறது, இறக்கிப் போட்டுவிடலாம்.


குழாய்ஸ்பீக்கர் எழுதியது:

வேண்டாம் நண்பரே. அந்த ஆப்கள் ஒலியை அதன் வரம்புக்கு மேல் தள்ளுகின்றன, அலையின் தலை வெட்டுப்படும், சத்தம் ஏறின மாதிரி இருக்கும், உண்மையில் ஏறுவது கரகரப்பு. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து அப்படிக் கொடுத்தால் சூடேறிக் கெடும். ரிங்டோன் தளங்களில் இறக்குவது பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பல தளங்களில் இறக்கும் பொத்தான் எது, விளம்பரம் எது என்றே தெரியாது, ரிங்டோனுக்குப் பதிலாக ஏதோ ஆப் இறங்கும். வயதானவர்கள் போனில் அது நடந்தால் அப்புறம் பணப் பிரச்சினையில் போய் முடியும். யாரோ ஐந்தாறு தடவை மாற்றி மாற்றிச் சேமித்த ஃபைலை 320 என்று பெயர் போட்டு வைத்திருப்பார்கள், போன விவரம் திரும்ப வராது.

அந்தத் தம்பி தன் ஊர்க் கோயில் மேளத்தை அப்பாவுக்காக எடுத்து வைத்திருக்கிறார், வாசித்தவரிடமும் கேட்டிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் எந்த டவுன்லோடும் வராது.

தங்கை செவ்வந்தி சொன்ன 520 யோசனை அருமை, ஒரு திருத்தம் மட்டும். டோனைத் தனி ட்ராக்கில் வையுங்கள், ஹை பாஸ் ஃபில்டரை நாதஸ்வர ட்ராக்குக்கு மட்டும் போடுங்கள், பிறகு இரண்டையும் கலந்து லிமிட்டர். டோனின் அளவை நாதஸ்வரத்தை விடச் சற்றுக் குறைவாக வையுங்கள், சதுர அலை இருக்கிற அளவை விடக் கூடுதலாகக் காதில் அறையும். மணியும் ஊதலும் சுருதி சேராமல் கேட்டால் 520ஐக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்தி உங்கள் நாதஸ்வரத்தின் ஷட்ஜத்தோடு (ஸ) அல்லது பஞ்சமத்தோடு (ப) சேர்த்துவிடுங்கள், நாற்பது ஐம்பது ஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நாதஸ்வரம் கேட்டே வளர்ந்த காதுக்குச் சேராத சுருதி தினமும் இம்சை.


தாளக்கட்டு எழுதியது:

ஆண்ட்ராய்டு, ஐபோன் பக்கம் நான் சொல்கிறேன்.

நடுவில் வருகிற துண்டிப்பு எம்பி3யின் இயல்பு. எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் முன்னாலும் பின்னாலும் ஒரு துளி மௌனம் சேர்ந்துகொள்ளும், ஒரு தடவை ஓடும்போது தெரியாது, சுற்றிச் சுற்றி ஓடும்போது தெரியும். ஆண்ட்ராய்டுக்கு ஓஜிஜி வோர்பிஸ் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அதில் இந்த மௌனம் கிடையாது. போனுடன் வருகிற ரிங்டோன்களே பெரும்பாலும் ஓஜிஜிதான். மெட்டாடேட்டா கட்டத்தில் ஒரு புதிய வரி சேர்த்து, ஆண்ட்ராய்டு லூப் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு எழுதி, மதிப்பாக ட்ரூ என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்து ஆண்ட்ராய்டு ஃபைலை விடாமல் சுற்றும். ஆனால் ஆரம்பமும் முடிவும் இணைகிற இடத்தை நீங்கள்தான் சரியாக வெட்ட வேண்டும். கார்வை நடுவில் வெட்டினால் எப்படி இணைத்தாலும் இடிக்கும். வாசிப்பவர் மூச்சு எடுக்கிற இடம் வரும் பாருங்கள், அங்கே வெட்டுங்கள், தாளமும் அங்கேயே சரியாகச் சுற்றி வந்தால் கேட்பவருக்கு இணைப்பே தெரியாது. ஆடாசிட்டியில் லூப் வசதியை ஆன் செய்து ப்ளே அழுத்தினால் அந்தத் துண்டு சுற்றிச் சுற்றி ஓடும், அப்படிக் கேட்டுப் பார்த்தே வெட்டலாம்.

அம்மா போனில் உள்நினைவில் ரிங்டோன்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒன்றை ஆங்கிலத்தில் உருவாக்கி அதில் போடுங்கள். அலாரத்துக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் அதே மாதிரி தனித்தனி ஃபோல்டர். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாட்டாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஃபைல் மாறாமல் போய்ச் சேரும். காண்டாக்டில் உங்கள் பெயரைத் திறந்து அதற்கு மட்டும் தனி ரிங்டோன் வைக்கவும் வழி உண்டு. அம்மாவுக்கு அது உபயோகம், பிள்ளை கூப்பிட்டால் மட்டும் மல்லாரி அடிக்கும், கடன் அட்டை விற்கிறவர்கள் கூப்பிட்டால் சாதாரண மணி.

ஐபோனின் ரிங்டோன் ஃபைல் வழக்கமாக எம்4ஆர் என்ற பின்னொட்டோடு இருக்கும், உள்ளே இருப்பது ஏஏசி ஒலிதான். கம்ப்யூட்டர் இல்லாமல் செய்ய ஒரு எளிய வழி, ஆப்பிளின் இலவச கராஜ்பேண்ட் ஆப்பில் ஃபைலைக் கொண்டுவந்து ஒரு ட்ராக்கில் போட்டு, ஷேர் செய்யும்போது ரிங்டோன் என்பதைத் தேர்ந்தெடுப்பது. 30 வினாடிக்குள் இருக்க வேண்டும், மீறினால் அதுவே சுருக்கக் கேட்கும். ஐபோன் ஸ்பீக்கரில் பட்டன் போனை விடக் கீழ் ஒலி கொஞ்சம் வரும், அதனால் அண்ணனுக்கு ஹை பாஸை 200 ஹெர்ட்ஸில் வைத்துத் தனியாக ஒன்று எடுத்தால் தொப்பியின் சாயல் கொஞ்சம் மிஞ்சும்.

நீளத்துக்கு வருகிறேன். 2019 நவம்பரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த விதிப்படி மொபைலில் பதில் வராத அழைப்பு 30 வினாடி அடிக்கும், லேண்ட்லைனில் 60 வினாடி. அதனால் 30க்கு மேல் வைப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. அப்பாவுக்கு அதையும் விடக் குறைவாக, 10 முதல் 12 வினாடித் துண்டாக வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்க விடுங்கள். ஒரு சுற்றில் கவனம் தப்பினாலும் அடுத்த சுற்றில் பிடித்துவிடுவார்.


வடவாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்குத் தனியாக. இரட்டை மணி முன்னால் வைத்து, 520ஐக் கொஞ்சம் நகர்த்திச் சுருதி சேர்த்து, 12 வினாடியில் முடித்து அனுப்பினேன். நேற்று மதியம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டேன், எடுத்தார். பேச முடியவில்லை, அந்தச் சத்தத்தில் ஒன்றும் புரியாது, "இரு, வரப்புக்கு வந்துட்டுப் பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார், பிறகு அவரே கூப்பிட்டார். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது தஞ்சாவூரில் காதைக் காட்டிவிடுவோம் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அப்பாவுக்குக் கூப்பிடுகிறவர்களுக்கும் இந்த மல்லாரி கேட்கிற மாதிரி வைக்க முடியுமா என்று அவரே கேட்கிறார். காலர் டியூனாக நம் பதிவையே வைக்க வழி இருக்கிறதா?


மெமரிகார்டு எழுதியது:

நம் ஃபைலை வைக்க முடியாது. ரிங்டோன் போனில் இருப்பது, காலர் டியூன் கம்பெனியின் சர்வரில் இருப்பது. அவர்கள் பட்டியலில் உள்ளதைத்தான் தேர்வு செய்ய முடியும். பட்டியலில் நாதஸ்வரம், மங்கள இசை என்று தேடிப் பாருங்கள், கிடைக்கும். ஆனால் மாதா மாதம் பணம் பிடிக்கிற வகையா என்று பார்த்துவிட்டு வையுங்கள், அப்பாவின் எண்ணில் தெரியாமல் எதுவும் ஆக்டிவேட் ஆகிவிடக் கூடாது.


குழாய்ஸ்பீக்கர் எழுதியது:

அதோடு காலர் டியூன் போய்ச் சேருவது பேச்சுக்காக வடிவமைத்த பாதையில். பழைய வகை அழைப்பில் சுமார் 300இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், அதுவும் மனிதக் குரலை மனதில் வைத்துச் சுருக்கியது, இசை என்றால் அங்கங்கே தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகும். தனி நாதஸ்வரம் ஓரளவு தாங்கும், தவிலும் தாளமும் சேர்ந்தால் கூழாகிவிடும். பட்டியலில் தேடும்போது தனி வாசிப்பாகப் பார்த்து எடுங்கள் தம்பி. அப்பாவுக்காக முழு மல்லாரியையும், ஃபில்டர் எதுவும் போடாத மூலப் பதிவிலிருந்து தனி எம்பி3 ஆக எடுத்து அதே மெமரி கார்டில் பாட்டு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், அதற்கு 192 கேபிபிஎஸ் கொடுங்கள். வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் கார்டைக் கழற்றி அதில் போட்டுத் தொப்பியோடு கேட்கட்டும்.